கற்பூரம் காட்டிய ரப்பர் வள்ளம்

கூடாரத்தில் படுப்பதற்காக விமானம் ஏறி வருகிறவர்களை நான் மதிப்பதில்லை. கூடாரத்தில் எப்படிப் படுப்பது என்பது எங்கள் பக்கத்துச் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. யுத்தத்தில் இடம்பெயர்ந்து மாதக்கணக்கில் படுத்திருக்கிறோம். மழை வந்தால் எந்த மூலையால் தண்ணீர் ஒழுகும், எந்தப் பக்கம் தலை வைத்தால் அடுத்த கூடாரத்துக் குறட்டை கேட்காது என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தெரியும். அது ஒரு பொழுதுபோக்கு என்று அப்போது யாராவது வந்து சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்.

என் தங்கையின் கணவர் லண்டனில் இருந்துகொண்டு அதைத்தான் சொன்னார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் இருவரும் வருவார்கள். வருவதற்கு முதல் அவருக்கு ஏதாவது ஒன்று தலைக்கு ஏறியிருக்கும். ஒருமுறை இயற்கை உரம் ஏறியிருந்தது. இன்னொருமுறை தேனீ. எங்கள் வளவில் அவர் வைத்துவிட்டுப் போன தேனீப் பெட்டியில் இப்போது பல்லி முட்டையிடுகிறது.

"அக்கா, இந்தப் பொங்கலுக்கு வரேக்கை ஹொட்டேல் வேண்டாம். உங்கடை லேக்கடியிலை ரென்ட் அடிச்சு இருப்பம். நான் காத்தடிக்கிற கயாக் ஒண்டும் வாங்கிக்கொண்டு வாறன். எது நல்லதெண்டு படங்கள் அனுப்பிறன், பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

எங்கள் ஊரில் லேக் கிடையாது. இருப்பது குளம். அக்கராயன் பக்கத்தில் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காகக் கட்டப்பட்ட குளம். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து இங்கே வந்ததே அந்தக் குளத்தை நம்பித்தான். தங்கையும் அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றுதான் வளர்ந்தாள். லண்டனுக்குப் போன பிறகு குளம் லேக் ஆகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். என் வாயைப் பற்றி என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அந்த வாயைக் கட்டிக்கொண்டு, "அனுப்புங்கோ தம்பி, பாப்பம்" என்றேன்.

கயாக் என்றால் ஒடுக்கமான சின்ன வள்ளம். அதில் இருந்துகொண்டு, இரண்டு முனையும் தட்டையாக இருக்கும் துடுப்பால் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி வலிப்பது. அவர் வாங்கப்போனது காற்றடிக்கிற வகை. காற்றடித்தால் வள்ளம், காற்றைத் திறந்துவிட்டால் மூட்டை. ரப்பர் வள்ளம் என்று நான் பெயர் வைத்தேன். அது ரப்பர் இல்லை, நல்ல தடித்த பிளாஸ்ரிக் என்று அவர் திருத்தினார். நான் ரப்பர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

படங்கள் வந்து குவிந்தன. எல்லாப் படத்திலும் மலை, ஊசியிலை மரம், பல்லைக் காட்டும் சோடி. வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் அனுப்பினார். ஒருத்தி தன் நாயை ஏற்றிக்கொண்டு போனாளாம், நாய்க்கு மிகவும் பிடித்துவிட்டதாம். இன்னொருவருக்குக் கோப்பை வைக்கிற குழி சிறிதாகப் போய்விட்டதாம். அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார். தண்ணீருக்கு அடியில் பட்டமரக் கட்டைகள் நிற்கிற குளத்தில், காய்ந்த முள்ளுகள் மிதக்கிற கரையில் இந்த மூட்டை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எழுத அங்கே ஒருவரும் இல்லை. முதலையைப் பற்றியும் மூச்சில்லை. நாய்க்குப் பிடிக்கிற வள்ளம் முதலைக்கும் பிடிக்கும் என்று பதில் எழுதினேன். அவர் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினார்.

அவருக்கு ஏற்கனவே ஒன்றில் மனம் விழுந்திருந்தது. ஒருவர் மட்டும் இருக்கிற, மேலே மூடிய வள்ளம். நடுவில் ஒரு ஓட்டை. அதற்குள் இரண்டு காலையும் காற்சட்டைக்குள் விடுவதுபோல நீட்டி இறங்க வேண்டும். சிவப்பு நிறம். வேகமாகப் போகுமாம். எங்கே போவதற்கு வேகம் என்று எனக்கு விளங்கவில்லை. குளத்தின் அக்கரையில் இருப்பது காடும் ஆனை லத்தியும்.

ஒரு பின்னேரம் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் கிடந்து தங்கையின் கணவரின் குரலில் அந்தச் சிவப்பு வள்ளத்தின் புகழைப் பாடிக்கொண்டிருந்தது. என் கணவர் வாசலில் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் போனில் கதைக்கிற ஆள் அல்ல. ஓம், இல்லை, வைக்கிறன் என்ற மூன்று சொல்லோடு முடித்துவிடுவார். அவர் அன்று கதிரையில் இருந்தபடியே தலையைத் திருப்பிக் கேட்டார்.

"தம்பி, அதுக்குள்ளை இருக்கிறதோ, மேலை இருக்கிறதோ?"

"ரெண்டு மாதிரியும் இருக்கு அண்ணை. நான் எடுக்கிறது உள்ளை இருக்கிறது. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா கேட்டன்" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணீரைக் குடித்தார்.

நான் துருவுவதை நிறுத்திவிட்டேன். அந்த மனிதர் சும்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முள்ளிவாய்க்காலில் போனது. பொய்க்கால் போட்டுக்கொண்டு வயல் செய்கிறார், சைக்கிள் ஓடுகிறார், தெரியாதவர்கள் பார்த்தால் சாடையாக நொண்டுகிறார் என்று மட்டும்தான் நினைப்பார்கள். ஆனால் அவர் குளத்தில் கிடந்து வளர்ந்தவர். கல்யாணம் கட்டிய புதிதில், வேலை முடிந்து குளிக்கப் போகிறேன் என்று போனால் அக்கரை வரை நீந்திவிட்டு இருட்டத்தான் வீட்டுக்கு வருவார். சோறு ஆறிவிட்டது என்று நான் சண்டை பிடிப்பேன். மீள்குடியேறி வந்த பிறகு ஒரே ஒரு நாள் குளத்துக்குப் போனார். படிக்கட்டில் இருந்து பொய்க்காலைக் கழற்றியதும், குளித்துக்கொண்டு நின்ற சனம் எல்லாம் ஓடி வந்துவிட்டது. ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் இடுப்பைப் பிடிக்க, "ஐயோ பாவம், பாத்து, பாத்து" என்று அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார்களாம். இரக்கப்படுவதில் எங்கள் சனத்தை யாரும் வெல்ல ஏலாது. ஒரு ஆளைப் பிணமாக்கும் வரை இரக்கப்படும். அன்றைக்கு வந்து, "இனிக் கிணத்திலையே குளிக்கிறன்" என்று சொன்னவர்தான். கதவைச் சாத்திக்கொண்டு கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றுகிறார்.

குளத்தில் மீன் பிடிக்கிறவர்களின் வள்ளம் இருக்கிறதே, அதில் போகலாமே என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதன் விளிம்பு உயரம். "பேந்தும் ஆரும் தூக்கி ஏத்தோணும்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இப்போது தரையோடு தரையாகக் கிடக்கிற ஒரு வள்ளம் வருகிறது. விளிம்பில் இருந்து, அப்படியே உள்ளே வழுக்கிவிடலாம். யாரும் தூக்க வேண்டியதில்லை. ஆனால் மூடிய வள்ளம் என்றால் ஓட்டைக்குள் இறங்க நிற்க வேண்டும், ஒற்றைக் காலில் நின்றால் யாராவது பிடிக்க வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் அர்த்தம். அவருக்கு அந்தத் தண்ணீருக்குள் போக வேண்டும். அதை அவர் ஒருவருக்கும் சொல்லமாட்டார். நான் சொன்னேன் என்று தெரிந்தால் வள்ளத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.

ஆகவே காரணத்தைச் சொல்லாமல் வள்ளத்தை மாற்ற வேண்டிய வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நாளே போன் எடுத்தேன்.

"தம்பி, உந்த மூடின சாமானை இஞ்சை கொண்டு வராதேங்கோ. பாத்தால் பிரேதப் பெட்டி மாதிரிக் கிடக்கு. பாம்பு பூந்தாலும் தெரியாது."

"அக்கா, தண்ணிக்குள்ளை பாம்பு எப்பிடி..."

"எங்கடை பாம்புக்கு நீந்தத் தெரியும். மேலை திறந்தது எடுங்கோ. ரெண்டு பேர் இருக்கிறதா எடுங்கோ."

"ரெண்டு பேருக்கு ஏன்? அவா தண்ணிக்கு வரமாட்டா." அவா என்றது என் தங்கையை.

வேறு வழியில்லை. "நான் ஏறப்போறன்" என்றேன். "எனக்கு உந்த ஓட்டைக்குள்ளை போகாது. என்ரை உடம்பு உங்களுக்குத் தெரியும்தானே."

அந்தப் பக்கத்தில் தங்கை சிரிக்கிறது கேட்டது. நான் ஏறப்போகிறேன் என்ற செய்தி அன்றிரவே கனடா, சுவிஸ் எல்லாம் போய்ச் சேர்ந்து, குடும்பக் குழுவில் ஆனை வள்ளத்தில் போகிற படம் ஒன்று வந்தது. போட்டவன் யார் என்று எனக்குத் தெரியும். வைத்திருக்கிறேன் அவனுக்கு.

திறந்த, இரண்டு பேர் இருக்கிற வள்ளம் பாரம் கூடியது. விமானத்தில் அதை ஏற்றினால் தங்கையின் பெட்டியில் இடமில்லை. சொக்லேற்றைக் கொண்டு வருவதா வள்ளத்தைக் கொண்டு வருவதா என்று அங்கே ஒரு பெரிய யுத்தமே நடந்தது. வெளிநாட்டில் இருந்து வருகிறவள் சொக்லேற் இல்லாமல் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவள் அழாக்குறை. பரந்தன் சந்திக் கடையிலேயே எல்லாச் சொக்லேற்றும் கிடக்கிறது, அங்கே வாங்கி உன் பைக்குள் போட்டுவிட்டு எடுத்துக் கொடு, ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு அப்படியே செய்தாள்.

இதற்கிடையில் என் கணவர் இன்னொரு தரம் வாய் திறந்தார். அதே கதிரை, அதே வாசல். காற்று ஒரே அறையாக இருக்குமா, பிரிந்து பிரிந்து இருக்குமா என்று கேட்டார். அடியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று அறை, ஒன்று போனாலும் மற்றவை மிதக்க வைக்கும் என்று போனில் இருந்து பதில் வந்தது. "அப்ப நல்லது" என்றார். நான் கீரை ஆய்ந்தபடி ஒன்றும் கேளாதவள் போல இருந்தேன். உள்ளுக்குள் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு காலம் ஒரு விருப்பத்தை வாய்க்குள் வைத்துப் பூட்டியிருந்த மனிதரில் வந்த கோபம். கடைசியில் அது ஒரு விளையாட்டுச் சாமானை நம்பி வெளியே எட்டிப் பார்க்கிறதே என்ற கோபம். அதுவும் நடக்காமல் போனால் இனி அவர் எதையும் கேட்கமாட்டார் என்று பயமாகவும் இருந்தது.

பொங்கலுக்கு வந்தார்கள். குளம் நிறைந்து, கட்டின் மேல்வரை தண்ணீர் நின்றது. மருத மரத்தடியில் கூடாரம் அடித்தார்கள். மடிக்கிற கதிரை, மடிக்கிற மேசை, மடிக்கிற அடுப்பு. தலையில் கட்டுகிற விளக்கு ஒன்று பகலிலும் அவருடைய நெற்றியில் இருந்தது. நுளம்புக்கு ஒரு களிம்பு, வெயிலுக்கு ஒரு களிம்பு. இயற்கையோடு இருக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இயற்கை உடம்பில் படாமல் இருக்க இவ்வளவு சாமான். சாப்பாடு மட்டும் மூன்று நேரமும் என் குசினியில் இருந்து போனது.

வள்ளத்தை மூட்டையாகவே குளக்கரைக்குக் கொண்டு போனோம். எங்கே வைத்துக் காற்றடிப்பது என்று பார்த்தபோதுதான் தங்கை அந்த யோசனையைச் சொன்னாள்.

"புது வாகனம். பூசை செய்யாமல் எப்பிடி ஓடுறது? கோயிலடியிலை வைச்சுக் காத்தடியுங்கோ."

எங்கள் பக்கத்தில் குளக்கட்டுக்குக் குளக்கட்டு ஒரு பிள்ளையார் இருப்பார். மோட்டார் சைக்கிளோ உழவு இயந்திரமோ புதிதாக எடுத்தால் அவர் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றி நசித்து, தேங்காயில் கற்பூரம் கொளுத்திச் சுற்றி உடைத்த பிறகுதான் றோட்டில் ஏற்றுவது. லண்டனில் கார் எடுத்தபோதும் அங்கே உள்ள கோயில் வாசலில் தேசிக்காய் நசித்தவள் என் தங்கை. அவளுடைய கணவர் என்னவோ விஞ்ஞானம் படித்தவர். அவரும் ஓம் என்று தலையாட்டினார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வள்ளம் தண்ணீரில் இறங்கினால் போதும், பிள்ளையாரும் வந்து ஒரு கை கொடுக்கட்டும் என்று இருந்தேன்.

கோயில் ஐயர் வந்து வள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"பிள்ளை, இதுக்குச் சில்லு எங்கை?"

"சில்லு இல்லை ஐயா."

"அப்ப தேசிக்காயை எங்கை வைக்கிறது?"

இது பற்றிக் கொஞ்ச நேரம் ஆராய்ச்சி நடந்தது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வைத்து, ஆள் ஏறி இருந்தால் நசியும் என்று முடிவானது. தங்கையின் கணவர் ஏறி இருந்தார். காற்றடித்த சாமான் தேசிக்காயை நசிக்குமா? அவர் எம்பி எம்பி இருந்தார். தேசிக்காய் இரண்டும் உருண்டு வெளியே வந்தன. கடைசியில் அவரே இறங்கிக் குதிக்காலால் மிதித்து நசித்தார். என் கணவர் அதைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததைக் கண்டு நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கற்பூரம். ஐயர் தேங்காயின் மேல் கற்பூரக் கட்டியை வைத்துக் கொளுத்தி, வள்ளத்தைச் சுற்றிக் காட்டினார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஐயா, உள்ளுக்கும் ஒருக்கா காட்டிவிடுங்கோ" என்றாள் தங்கை. "ஆக்கள் இருக்கிற இடமெல்லோ."

ஐயர் குனிந்தார். எரிந்துகொண்டிருந்த கட்டி தேங்காயின் தலையில் இருந்து வழுக்கி, வள்ளத்தின் வலது பக்கத்தில் விழுந்தது. செருப்பு எரிகிற மணம் வந்தது. அதன் பிறகு ஒரு பெருமூச்சு. எங்கள் கண் முன்னாலேயே வலது பக்கம் சுருங்கிச் சாய்ந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்று சொல்வார்கள். இங்கே பிள்ளையார் சும்மாதான் இருந்தார், குரங்குகள் நாங்கள். காற்றடைத்த பிளாஸ்ரிக் சாமானுக்கு மேலே நெருப்பைப் பிடிக்கிறோம் என்று பட்டம் பெற்றவர்கள், படிப்பிக்கிறவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்தியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றோம்.

"பயப்பிடாதேங்கோ. கண்ணூறு கழிஞ்சுது" என்றார் ஐயர்.

"கண்ணூறு இல்லை ஐயா, காத்துக் கழிஞ்சுது" என்றேன்.

தங்கை அழத் தொடங்கினாள். அவளுடைய கணவர் முழந்தாளில் இருந்து ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டிருந்தார், ஏதோ பொத்தினால் நின்றுவிடும் என்பதுபோல. என் கணவர், "சரி. வாரும், வீட்டை போவம்" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். இனிக் கிணற்றிலேயே குளிக்கிறேன் என்று சொன்ன குரல் அது. அவர் குளக்கட்டில் இருந்து இறங்கிப் போகிற முதுகைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தங்கையைப் பிடித்துக்கொண்டேன். கும்பிடத் தெரிந்தால் போதுமா, எதைக் கும்பிடுகிறோம் என்று தெரிய வேண்டாமா என்றேன். அவளுடைய கணவரையும் விடவில்லை. தேனீயில் தொடங்கி நெற்றி விளக்கு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஓட்டையைப் பொத்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில், "அக்கா, ஒட்டுறதுக்கு உள்ள சாமான் பைக்குள்ளை இருக்கு. ஒட்டலாம். ஆனால் பசை காய ஒரு முழு நாள் வேணும்" என்றார்.

"அப்ப ஏன் இன்னும் இருந்துகொண்டிருக்கிறியள்?" என்றேன்.

அந்த ஒரு வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். சொல்லத்தான் வேண்டும். எரிந்த இடத்தைத் துடைத்து, துண்டு வெட்டி, பசை பூசி, மேலே என் அம்மிக் குழவியைப் பாரம் வைத்தார். வள்ளத்தைக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டு அவர்கள் இருவரும் அன்று வெளியே பாய் போட்டுப் படுத்தார்களாம். பசையில் ஈரம் படக்கூடாது என்று. இயற்கையோடு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த நாள் பின்னேரம் என் கணவரிடம், "இஞ்சருங்கோ, வள்ளம் ஒட்டியாச்சாம். நான் ஏறப்போறன் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். தனிய ஏற எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் முதல் ஏறிப் பாருங்கோ" என்றேன். அவருக்கு விளங்கியிருக்கும். விளங்காதது போல எழும்பி வந்தார்.

படிக்கட்டில் வழக்கம்போலக் குளிக்கிற சனம். அவர் கடைசிப் படியில் இருந்து காற்சட்டையை மடித்து, பட்டியைத் தளர்த்தி, பொய்க்காலைக் கழற்றினார். கழற்றிய சத்தம் கேட்டதும் சனம் திரும்பியது. சவர்க்காரம் போட்ட முகத்தோடு ஒருவர் படியேறி வரத் தொடங்கினார். பின்னால் இன்னும் இருவர். "ஐயோ, பாத்து..." என்ற வார்த்தை எனக்குக் கேட்டுவிட்டது.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ" என்றேன். வகுப்பில் கடைசி வாங்குக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். "குளிக்க வந்தனீங்கள் குளியுங்கோ. தொட்ட ஆள் என்னட்டை நல்லா வாங்குவார்." தங்கையின் கணவரும் கையை நீட்டினார். அவருக்கும் அதுதான் என்றேன். கையை மடக்கிக்கொண்டார்.

வள்ளம் படியோடு ஒட்டிக் கிடந்தது. என் கணவர் பொய்க்காலை என்னிடம் நீட்டினார். "பிடியும்" என்றார். நான் அதைத் துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை ஊன்றி, விளிம்பில் இருந்து, உள்ளே வழுக்கினார். வள்ளம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. ஒருவரும் அவரைத் தொடவில்லை.

இரண்டாவது இருக்கை சும்மா கிடந்தது. தங்கையின் கணவர் லைஃப் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு ஏறத் தயாராக நின்றார். வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். அவருக்கும் ஆசை இருக்கும்தானே.

"நான் ஒருக்கா தனியப் போட்டு வாறன் தம்பி" என்று சொல்லி என் கணவர் துடுப்பால் படியைத் தள்ளினார்.

முதலில் வள்ளம் வட்டம் போட்டது. குளித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் சிரித்தார், என்னைக் கண்டு நிறுத்தினார். பிறகு கை பழகியது. வலம், இடம், வலம், இடம். பட்டமரக் கட்டைகள் நிற்கிற இடத்தை ஒதுக்கி வளைந்து போனார். எங்கே கட்டை இருக்கிறது என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. தங்கையின் கணவர் போனை உயர்த்தி, "அண்ணை, இஞ்சாலை ஒருக்கா பாருங்கோ, படம் எடுக்கிறன்" என்று கூப்பிட்டார். அவர் பார்க்கவில்லை. நடுக் குளத்தையும் தாண்டிவிட்டார்.

எங்கள் வீட்டில் அவர் எதற்கும் என்னைக் கூப்பிடுவார். "இஞ்சாரும், அந்தத் துவாயை எடும். இஞ்சாரும், செருப்பை இஞ்சாலை தள்ளும்." எழும்பினால் காலைப் போட வேண்டும், போட்டால் கழற்ற வேண்டும் என்பதால் சின்ன வேலைக்கெல்லாம் நான்தான். அந்த இஞ்சாரும் என்ற சத்தத்தை நான் வெறுத்தேன் என்றே சொல்லலாம். அடுப்பில் ஒன்று கொதிக்கும், கையில் பிள்ளைகளின் கொப்பி இருக்கும், அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவார். அன்று குளக்கட்டில் நின்று அந்தச் சத்தம் வருமா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கூப்பிட்டாலும் கேட்காத தூரத்துக்கு அவர் போய்விட்டார். அவருக்கு எடுத்துக் கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. நான் போகவும் முடியாது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் புருஷன் என்னை விட்டுப் போகிறார் என்று துக்கமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெயில் இறங்கியது. குளித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அக்கரையைத் தொட்ட வள்ளம் எங்கள் பக்கம் திரும்பும் என்று பார்த்தோம். அது திரும்பவில்லை. கரையோரமாக வளைந்து இன்னும் அப்பால் போனது. "அக்கா, அத்தானைக் கூப்பிடுங்கோவன், இருட்டப்போகுது" என்றாள் தங்கை. நான் கூப்பிடாமல், பொய்க்காலில் துவாயை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

தங்கையின் கணவர் ஜக்கெற்றைக் கழற்றாமலே என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு உண்மையாகவே பயம் பிடித்திருந்தது.

"அக்கா, அண்ணைக்கு அதைத் திருப்பத் தெரியுமோ?"

"தெரியும் தம்பி" என்றேன். "அவருக்கு வர மனமில்லை."

பொய்க்காலை மடியில் வைத்துக்கொண்டு குளக்கட்டில் இருந்தேன்.